சாய்த்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறுகிறதா? பழைய லேப்டாப் பவர் ஜாக் பழுது, அறிகுறி வாரியாக

"அண்ணா, சார்ஜர் வயருக்கு அடியில ஒரு நோட்டை முட்டுக் கொடுத்தா ஏறுது. எடுத்தா நின்னுடுது." தெரிந்த தம்பி ஒருவன் இப்படிச் சொல்லித்தான் தன் ஒன்பது வருட லேப்டாப்பை என்னிடம் கொடுத்தான். ஜாக் ஆடுவதைப் பார்த்தேன். ஜாக்கை மாற்றிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அதே நோட்டோடு திரும்பி வந்தான். பழுது ஜாக்கில் இல்லவே இல்லை. சார்ஜர் வயர் பின்னுக்குள் நுழையும் இடத்தில், ரப்பர் கழுத்துக்கு உள்ளே, இழை இழையாக அறுந்து நாலைந்து இழைகள் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தன. நல்ல போர்டில் தேவையே இல்லாமல் சூடு வைத்துவிட்டேனே என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. அன்றிலிருந்து, கரன்ட் எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரியாமல் நான் ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பெயர்களைச் சரிசெய்துகொள்வோம். சார்ஜர் வயரின் நுனியில் உள்ள உருளையைப் 'பின்' என்கிறேன். அது போய் உட்காரும், லேப்டாப்பில் இருக்கும் பாகம் 'ஜாக்'. சில பின்களின் நடுவில் மெல்லிய கம்பி ஒன்று நிற்கும். அது 'நடு ஊசி'. ஜாக்கிலிருந்து போர்டுக்குள் இறங்கும் தகடுகள் 'கால்கள்'.

கரன்ட் வரும் வழி இதுதான்: சார்ஜர் பெட்டி, அதன் வயர், பின், ஜாக்கின் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தகடு, ஜாக்கின் கால்கள், காலைப் போர்டோடு பிடித்திருக்கும் சால்டர் (உருக்கி ஒட்டும் உலோகம்), பிறகு போர்டின் ஃபியூஸும், கரன்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச் போன்ற மாஸ்ஃபெட்டும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி விட்டாலும் வெளியே தெரிவது ஒன்றுதான், சார்ஜ் ஏறவில்லை. அதனால்தான் எல்லாப் பழியும் ஜாக்கின் மேல் விழுகிறது.

எதைத் தொடுவதற்கும் முன்னால்

சார்ஜர் பெட்டியைப் பிளக்காதீர்கள். சுவரிலிருந்து கழற்றிய பிறகும் அதன் உள்ளே ஒரு பெரிய கெபாசிட்டர் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். 230 வோல்ட் மின்சாரம் வரும் இடங்களில் அது சுமார் 325 வோல்ட் டிசி. இந்த வேலையில் உயிருக்கு மிக ஆபத்தான இடம் அதுதான். பெட்டி கெட்டுப்போனால் வேறு பெட்டி வாங்குவதே சரி.

பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள். உப்பியிருந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. முதலில் பேட்டரிக்கு வழி பார்த்துவிட்டு ஜாக்குக்கு வாருங்கள்.

அடுத்து மல்டிமீட்டர். சாதாரண டிஜிட்டல் மீட்டர் போதும். சார்ஜர் லேபிளில் அவுட்புட் என்று போட்டிருப்பதைப் படியுங்கள். 19 வோல்ட் 3.42 ஆம்பியர், 19.5 வோல்ட் 3.34 ஆம்பியர், 20 வோல்ட் 3.25 ஆம்பியர் என்று எதுவாகவும் இருக்கலாம். பெருக்கிப் பார்த்தால் மூன்றும் 65 வாட் வகைதான். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து அளக்கும்போது ஒரு சின்ன விஷயம்: ரேஞ்சை நாமே மாற்றும் மீட்டர்களில் 20 வோல்ட் ரேஞ்சில் வைத்து 20 வோல்ட் சார்ஜரை அளந்தால் இடது ஓரத்தில் வெறும் '1' மட்டும் நிற்கும். சார்ஜர் கெட்டுவிட்டது என்று பலர் முடிவுகட்டுவது அங்கேதான். 200 வோல்ட் ரேஞ்சுக்கு மாற்றி அளங்கள்.

நடு ஊசி இல்லாத பின் என்றால் உள்துளையில் சிவப்பு முனை, வெளி உலோகத்தில் கறுப்பு முனை. பழைய டெல், ஹெச்பி லேப்டாப்புகளில் வரும் 7.4 மி.மீ. தடித்த பின்னில் நடு ஊசி உண்டு. அதில் கரன்ட் வருவது ஊசியில் அல்ல. உருளையின் உள் சுவரில் பாசிட்டிவ், வெளிச் சுவரில் கிரவுண்ட் (நெகட்டிவ்). ஊசி வெறும் அடையாளச் சிக்னல். மீட்டர் முனை ஊசியையும் உள் சுவரையும் சேர்த்துத் தொட்டுவிட்டால் அந்தச் சிக்னலைக் கொடுக்கும் சிப் போய்விடலாம். கை நடுங்காமல், முனையை உள் சுவரை ஒட்டியே இறக்குங்கள்.

லேபிளில் உள்ள அளவு அல்லது அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக, ஆடாமல் நின்றால் நல்லது. ஆனால் இதை வைத்துச் சார்ஜர் முழுக்க நல்லது என்று சொல்லிவிட முடியாது. ஒரே ஒரு செம்பு இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் முழு 19 வோல்ட்டைக் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரன்ட்டைக் கிட்டத்தட்ட இழுப்பதே இல்லை. லேப்டாப் மூன்று ஆம்பியர் கேட்கும்போதுதான் அந்த இழையின் நிலைமை தெரியும். தம்பியின் சார்ஜரும் மீட்டரில் அழகாக 19.4 காட்டியது.

அறிகுறி: ஒரு பக்கம் சாய்த்தால் ஏறும், விட்டால் நிற்கும்

அதிகம் பார்க்கும் பழுது இது. அவசரப்பட்டுத் தப்பு செய்வதும் இதில்தான்.

பேட்டரியைக் கழற்ற முடிகிற லேப்டாப் என்றால் கழற்றிவிட்டு சார்ஜரில் மட்டும் ஓட்டுங்கள். விண்டோஸுக்குள் போக வேண்டாம். ஆன் செய்தவுடன் பயாஸ் திரைக்கு (விண்டோஸுக்கு முன்பே வரும் அமைப்புத் திரை) போய் அங்கேயே நிறுத்துங்கள். சோதனையில் லேப்டாப் பலமுறை பட்டென்று அணையும். ஹார்ட் டிஸ்க் எதையாவது எழுதிக்கொண்டிருக்கும்போது அப்படி அணைந்தால் உங்கள் ஃபைல்கள் பாழாகும். பேட்டரி உள்ளே வைத்து மூடிய மாடல் என்றால் சார்ஜிங் விளக்கைப் பார்த்தே சோதனையைச் செய்யலாம்.

இப்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் அசைக்க வேண்டும். முழு சூட்சுமமும் அதில்தான் இருக்கிறது.

பின்னைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் லேப்டாப்பின் உடம்போடு சேர்த்து இறுக்கிப் பிடியுங்கள், இம்மிகூட அசையாதபடி. மறு கையால் வயரை மட்டும், பின்னிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, மேலும் கீழும் வளையுங்கள். விளக்கு மினுக்கினால் வயர்தான் பழுது. அடுத்து அதே வளைப்பைச் சார்ஜர் பெட்டியிலிருந்து வயர் வெளியே வரும் இடத்திலும் செய்யுங்கள். வயர் அறுவது பெரும்பாலும் இந்த இரண்டு கழுத்துகளில்தான்.

அங்கே ஒன்றும் ஆகவில்லை என்றால் வயரைத் தளர்வாக விட்டுவிட்டுப் பின்னை மட்டும் அசையுங்கள். முதலில் பின்னை அதன் இடத்திலேயே திருகுங்கள், பாட்டில் மூடியைத் திருகுவது போல. திருகும்போது விட்டுவிட்டு வந்தால் ஜாக்கின் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அல்லது பின்னின் மேல் கறை பிடித்திருக்கலாம். திருகினால் ஒன்றும் ஆகாமல், மேலே தூக்கினால் வருகிறது, கீழே அழுத்தினால் போகிறது என்றால் பெரும்பாலும் காலின் சால்டர் விட்டுப்போயிருக்கிறது. மெக்கானிக்குகள் டிரை சால்டர் என்பார்களே, அது.

ஜாக் லேசாக ஆடுவதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். வயர் வைத்த ஜாக்குகள் (போர்டில் நேராகச் சால்டர் வைக்காமல் குட்டி வயரால் செருகியவை) பலவும் பிளாஸ்டிக் பள்ளத்தில் கொஞ்சம் ஆட்டத்தோடுதான் உட்கார்ந்திருக்கும். ஆட்டமும் விளக்கும் சேர்ந்து மாறினால்தான் அதற்கு அர்த்தம்.

வயர் பழுது என்று உறுதியானால் லேப்டாப்பைத் திறக்கவே வேண்டாம். புதுச் சார்ஜர் வாங்கலாம், அல்லது பின்னோடு சேர்ந்த வயர்த் துண்டு மட்டும் தனியாகக் கிடைக்கும், அதை இணைக்கலாம். இணைப்பதானால் அறுந்த இடத்துக்குப் பின்னால் நல்ல செம்பு தெரியும்வரை வெட்டுங்கள். கறுத்த இழையில் சால்டர் பிடிக்காது. நடு ஊசி வகையில் தடித்த இரண்டு வழிகளோடு மெல்லிய சிக்னல் வயர் ஒன்றும் இருக்கும். மூன்றையும் தனித்தனியே, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூட வேண்டும். நிறத்தை நம்பாமல் மீட்டரில் கன்டினியூட்டி (இரு முனைகளுக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று காட்டும் நிலை) வைத்து ஒவ்வொன்றையும் உறுதி செய்த பிறகே சேருங்கள். பாசிட்டிவும் சிக்னலும் மாறினால் அடுத்த பழுது போர்டில் வரும்.

அறிகுறி: பின் சுடுகிறது, பிளாஸ்டிக் பழுத்திருக்கிறது, தீய்ந்த வாசனை

உடனே கழற்றுங்கள். இதை "கொஞ்ச நாள் ஓட்டலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள்.

ஏன் சுடுகிறது என்றால், தொடும் இடம் சரியாகத் தொடவில்லை. கரன்ட்டை அதே கரன்ட்டால் பெருக்கி, அதை மின்தடையால் பெருக்கினால் அந்த இடத்தில் உண்டாகும் சூடு வாட்டில் கிடைக்கும். 3.34 ஆம்பியர் ஓடும்போது தொடும் இடத்தில் அரை ஓம் தடை சேர்ந்தால்கூட 5.6 வாட். விரல் நுனி அளவு பிளாஸ்டிக்குக்குள் ஆறு வாட் சால்டரிங் அயர்னை வைத்து மூடியதற்குச் சமம். சூட்டில் ஸ்பிரிங் தகடு தன் விறைப்பை இழக்கும், விறைப்புப் போனால் இன்னும் மோசமாகத் தொடும், தடை கூடும், சூடு கூடும். அதனால் இந்தப் பழுது தானாகவே வேகமெடுக்கும், ஒருநாளும் அதே அளவில் நிற்காது.

பின்னையும் ஜாக்கையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். கறுத்த பின்னைப் புது ஜாக்கில் செருகினால் புது ஜாக்கும் சில வாரங்களில் கறுக்கும். இன்னும் பழுக்காத, வெறும் கறை பிடித்த நிலை என்றால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் இரண்டையும் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் பாருங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். மேல்பூச்சு போய்விட்டால் கறை இன்னும் சீக்கிரம் பிடிக்கும்.

இதோடு ஒட்டிய இன்னொரு காரணம், அளவு சற்றே மாறிய பின். வெளி விட்டம் 5.5 மி.மீ. கொண்ட பின்களில் உள்துளை 1.7, 2.1, 2.5 மி.மீ. என்று பல அளவுகள் உண்டு. ஏசர் லேப்டாப்புகளில் பரவலாக வருவது 1.7; பழைய ஆசுஸ், தோஷிபா மாடல்கள் பலவற்றில் 2.5. வெளியிலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். 1.7-க்கான ஜாக்கில் 2.5 பின் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், விளக்கும் எரியும், ஆனால் ஜாக்கின் நடுவில் நிற்கும் கம்பியைப் பட்டும் படாமலும்தான் தொடும். மாற்றுச் சார்ஜர் வாங்கிய பிறகு சூடும் தளர்ச்சியும் ஆரம்பித்திருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

அறிகுறி: பின்னைச் செருகியதும் சார்ஜரின் விளக்கே அணைந்துவிடுகிறது

இது ஷார்ட், அதாவது பாசிட்டிவும் கிரவுண்டும் எங்கோ நேராகத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. சார்ஜர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிட்டது. மறுபடி மறுபடி செருகிப் பார்க்காதீர்கள். சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றி ஓரிரு நிமிடம் விட்டு, தனியாகப் போட்டுப் பாருங்கள். விளக்கு திரும்ப வந்தால் சார்ஜர் பிழைத்திருக்கிறது.

சார்ஜரும் பேட்டரியும் இல்லாத லேப்டாப்பின் ஜாக்கில் பாசிட்டிவுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஓம் அளங்கள். நல்ல போர்டில் எண் குறைவாகத் தொடங்கி ஏறிக்கொண்டே போய்க் கிலோ ஓம்களிலோ அதற்கு மேலோ நிற்கும். கெபாசிட்டர்கள் நிரம்புவதால் அந்த ஏற்றம். பூஜ்யத்தை ஒட்டி அப்படியே நின்றால் ஷார்ட் உறுதி. வயர் வைத்த ஜாக் என்றால் போர்டிலிருந்து உருவிவிட்டு இரண்டு பக்கமும் தனித்தனியே அளங்கள். ஷார்ட் ஜாக்கின் பக்கம் நின்றால் உங்கள் அதிர்ஷ்டம்; உள்ளே ஸ்பிரிங் வளைந்து மறுபக்கத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும், ஜாக்கை மாற்றினால் முடிந்தது. போர்டின் பக்கம் நின்றால் உள்ளீட்டுக் கெபாசிட்டரோ மாஸ்ஃபெட்டோ போயிருக்கும். அது சிறு பாகங்களை எடுத்து வைக்கத் தெரிந்தவர் கையில் போக வேண்டிய வேலை. தண்ணீரோ வேறு எதுவோ சமீபத்தில் கொட்டியிருந்தால் அந்தச் செய்தியையும் அவரிடம் சொல்லுங்கள், பாதி நேரம் மிச்சமாகும்.

அறிகுறி: சார்ஜரில் ஓடுகிறது, பேட்டரி மட்டும் ஏறவில்லை

கரன்ட் உள்ளே வருகிறது என்பதால் தடித்த இரண்டு வழிகளும் நன்றாகவே இருக்கின்றன. நடு ஊசி வகை லேப்டாப் என்றால் சந்தேகம் ஊசியின் மேல். டெல் சார்ஜர்களில் ஒரு சிறு நினைவகச் சிப் இருக்கிறது. தான் எத்தனை வாட் என்பதை அது ஊசி வழியாக லேப்டாப்புக்குச் சொல்லும். அந்தச் செய்தி வரவில்லை என்றால் சார்ஜர் வகையைக் கண்டறிய முடியவில்லை என்று ஆன் ஆகும்போதே திரையில் எச்சரிக்கை வரும். பேட்டரிக்குச் சார்ஜ் போகாது, புராசசரும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஆமை மாதிரி நகரும். "லேப்டாப் ரொம்ப ஸ்லோ, விண்டோஸ் மாத்திக் கொடுங்க" என்று வரும் சில லேப்டாப்புகளின் உண்மையான பழுது இந்த ஊசிதான்.

டார்ச் அடித்துப் பின்னுக்குள் பாருங்கள். ஊசி சாய்ந்தோ, உடைந்தோ, உள்ளே புதைந்தோ இருக்கலாம். சாய்ந்திருந்தால் பிளாஸ்டிக் ரீஃபில் குழாயை அதன் மேல் இறக்கி மெதுவாக நிமிர்த்தலாம்; ஒரு முறை தாங்கும், இரண்டாம் முறை ஒடியும். ஊசி நேராக இருந்தும் எச்சரிக்கை வந்தால் அதே வகை வேறொரு சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். அதிலும் வந்தால் ஜாக்கின் நடுத் தொடர்பு அல்லது அதிலிருந்து போர்டுக்குப் போகும் மெல்லிய வயர்.

நடு ஊசி இல்லாத வகையில், அல்லது எச்சரிக்கை எதுவும் இல்லாமல் ஏறாமலிருந்தால், பேட்டரியே ஆயுளை முடித்திருக்க வாய்ப்பு அதிகம். ஜாக்கைத் தொட வேண்டாம்.

அறிகுறி: பின்னில் 19 வோல்ட் இருக்கிறது, லேப்டாப்பில் சுத்தமாக உயிரில்லை

முதலில் சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள். இதிலேயே எழுந்துவிடும் லேப்டாப்புகள் உண்டு. எழவில்லை என்றால் திறந்து, சார்ஜர் போட்ட நிலையில், ஜாக்கின் காலில் வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். கறுப்பு முனையைப் போர்டின் கிரவுண்டில், ஒரு ஸ்க்ரூ வளையத்தில், வையுங்கள். சிவப்பு முனை முதலில் ஜாக்கின் பாசிட்டிவ் காலின் நுனியில், அடுத்து அந்தக் கால் போய்ச் சேரும் ஃபியூஸின் ஒரு பக்கத்தில், அடுத்து மறுபக்கத்தில். எந்த அடியில் எண் காணாமல் போகிறதோ பழுது அந்த அடியில். காலில் 19 வோல்ட், ஃபியூஸுக்கு முன்பே பூஜ்யம் என்றால் சால்டர் விட்டிருக்கிறது. ஃபியூஸைத் தாண்டினால் பூஜ்யம் என்றால் ஃபியூஸ் போயிருக்கிறது. அது சும்மா போகாது. அப்பால் ஷார்ட் இருக்கிறதா என்று அளக்காமல் மாற்றாதீர்கள். காலிலேயே எதுவும் வராவிட்டால் ஜாக்கின் உள்ளே பிளவு.

லேப்டாப் ஓடிக்கொண்டிருந்து, அவ்வப்போது மட்டும் அணைகிறது என்றாலும் இதே அளவீடு கைகொடுக்கும். காலின் நுனிக்கும் அதைச் சுற்றியுள்ள செம்பு வளையத்துக்கும் இடையே ஓடும் நிலையில் வோல்ட் வித்தியாசம் கிட்டத்தட்ட இருக்கவே கூடாது. 0.25 வோல்ட், 0.5 வோல்ட் என்று காட்டினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் அங்கே இருக்கிறது.

திறந்த பிறகு

கழற்றும் ஸ்க்ரூக்களை ஒரே கிண்ணத்தில் போடாதீர்கள். ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதன் இடத்தில் குத்தி வையுங்கள். நீளமான ஸ்க்ரூ குட்டைத் துளைக்குள் போனால் மேல் மூடியில் முளைத்துவிடும். அதைவிட மோசம், போர்டைத் துளைக்கும். பேட்டரியின் இணைப்பை உருவிய பிறகே மற்றதைத் தொடுங்கள்.

ஜாக் ஒரு குட்டி வயர்க் கொத்தோடு வந்து போர்டில் செருகியிருந்தால் வேலை சுலபம். ஓரிரு ஸ்க்ரூ, ஒரு செருகி, புதியதை அதே பள்ளங்களின் வழியே ஓட்டி வைத்தால் ஆயிற்று. செருகியை வயரைப் பிடித்து இழுக்காமல் அதன் தலையைப் பிடித்து உருவுங்கள். ஜாக் உள்ளே தள்ளப்பட்டுப் போயிருந்தால் ஜாக்கைத் தாங்கும் பிளாஸ்டிக் சுவர் உடைந்திருக்கும். புது ஜாக்கை வைப்பதற்கு முன் இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸிப் பசையால் அந்தச் சுவரைக் கட்டி முழுக்க இறுக விடுங்கள். சுவர் இல்லாமல் வைத்த ஜாக் மறுபடி உள்ளே போகும்.

ஜாக் நேராகப் போர்டில் சால்டர் வைத்த வகை என்றால் நிதானம் வேண்டும்.

முதலில் பார்வை. விளக்கைச் சாய்வாகப் பிடித்து, பூதக்கண்ணாடியில் ஒவ்வொரு காலையும் பாருங்கள். விட்டுப்போன சால்டரில் காலைச் சுற்றி மெல்லிய கரிய வளையம் தெரியும், மோதிரம் போட்டது போல. மரக்குச்சியால் ஜாக்கைத் தள்ளும்போது வளையத்தின் உள்ளே கால் மட்டும் அசைந்து, சுற்றியுள்ள சால்டர் அசையாமல் நிற்கும். முதல் முறை பார்க்கும்போது நம்பவே முடியாது, முடி அளவுகூட இல்லாத அந்த இடைவெளிதான் இத்தனை தொந்தரவும் கொடுத்தது என்று.

விரிசலின் மேலேயே புதுச் சால்டரை ஒரு சொட்டு வைத்து மூடிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். விரிசலுக்குள் கால் ஏற்கெனவே கறுத்திருக்கும், அந்தக் கறுப்பில் சால்டர் ஒட்டாது; மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்து சில வாரம் ஏமாற்றும். பழையதை முழுக்க எடுத்து, காலைச் சுத்தம் செய்து, ஃபிளக்ஸ் (சால்டர் ஒட்ட உதவும் பூச்சு) போட்டுப் புதிதாக வைத்தால்தான் நிற்கும்.

எடுப்பதில்தான் போர்டுகள் சாகின்றன. ஈயம் போன்ற நச்சுப் பொருட்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆர்ஓஹெச்எஸ் விதி 2006 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு லேப்டாப் போர்டுகளில் ஈயமில்லாத சால்டர்தான். அது உருக 217 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். 63க்கு 37 என்ற கலவையில் வரும் பழைய ஈயச் சால்டர் 183 டிகிரியிலேயே உருகும். போதாததற்கு, கிரவுண்ட் கால் போர்டின் உள்ளே இருக்கும் அகலமான செம்புத் தகடுகளோடு சேர்ந்திருப்பதால் நீங்கள் கொடுக்கும் சூட்டை எல்லாம் அது உறிஞ்சிவிடும். 25 வாட் அயர்னை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் அழுத்தினால் சால்டர் உருகாது, செம்பு வளையம்தான் பெயரும். குறைந்தது 60 வாட், சூட்டைக் கட்டுப்படுத்தும் அயர்ன், உளி போல் அகலமான முனை, 360 முதல் 380 டிகிரி. கூர்முனை இதற்கு உதவாது.

ஒவ்வொரு காலிலும் ஃபிளக்ஸ் தடவி, ஈயச் சால்டரைத் தாராளமாக உருக்கி விடுங்கள். பழையதோடு கலந்து மொத்தமும் சீக்கிரம் இளகும். பிறகு சக்கரால் (உருகிய சால்டரை உறிஞ்சும் குழல்) இழுத்து, மிச்சத்தை விக்கால் (செம்பு இழைப் பின்னல்) உறிஞ்சுங்கள். ஒரு துளையில் ஐந்தாறு நொடிக்கு மேல் தொடர்ந்து அழுத்தாமல், ஆறவிட்டுத் திரும்ப வாருங்கள். ஜாக்கை ஒருபோதும் இழுக்காதீர்கள். சால்டர் முழுக்கப் போயிருந்தால் அது தானாகவே விழும். இழுத்தால் துளையின் உள்சுவரில் இருக்கும் செம்புக் குழாயும் காலோடு சேர்ந்து உருவி வரும். போர்டின் நடு அடுக்குகளுக்குப் போகும் தொடர்பு அதோடு அறுந்துபோகும்.

முதல் முறை செய்பவர்களுக்கு நான் சொல்லும் வழி வேறு. பழைய ஜாக் எப்படியும் குப்பைக்குத்தான் போகிறது. கட்டிங் பிளேயரால் அதன் பிளாஸ்டிக்கைத் துண்டு துண்டாக நறுக்கி எடுத்துவிடுங்கள், போர்டில் முட்டாமல். தனித்தனியாக நிற்கும் கால்களை ஒவ்வொன்றாகச் சூடாக்கி ட்வீசரால் எடுத்தால் ஐந்து காலையும் ஒரே நேரத்தில் இளக்கும் சர்க்கஸ் தேவையில்லை. போர்டும் தப்பிக்கும்.

செம்பு வளையம் ஏற்கெனவே பெயர்ந்திருந்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அந்தக் கால் எந்தப் பாகத்துக்குப் போகிறது என்று கன்டினியூட்டியில் கண்டுபிடித்து, 18 கேஜ் அளவுள்ள இழை வயரால் காலிலிருந்து அந்தப் பாகம் வரை நேரே பாலம் போடலாம். மெல்லிய வயர் போட்டால் அதுவே சுடும்.

புது ஜாக்கை வாங்கும்போது லேப்டாப்பின் மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று போர்டுகள் வந்திருக்கும். போர்டில் அச்சிட்ட எண், கால்களின் எண்ணிக்கை, கால்களுக்கு இடையிலான தூரம், வாய் போர்டிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இவை நான்கும் பொருந்த வேண்டும். உயரம் ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் உறையின் துளையில் பின் உரசி, நாள் முழுக்கக் காலை நெம்பிக்கொண்டிருக்கும்.

வைக்கும்போது ஜாக் போர்டில் தட்டையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு, பிடிமானத்துக்காக இருக்கும் ஓரக் கால் ஒன்றை முதலில் சால்டர் செய்யுங்கள். நேராக இருக்கிறதா என்று பார்த்த பிறகு மற்றவை. ஓரக் கால்களில் கரன்ட் ஓடாதே என்று சில பேர் விட்டுவிடுவார்கள். பின்னின் இழுவை முழுவதையும் தாங்குபவை அவைதான். சரியாகப் பிடித்த சால்டர் காலை நோக்கிக் குழிந்து ஏறியிருக்கும், போர்டின் மறுபக்கத்திலும் எட்டிப் பார்க்கும். உருண்டையாக நின்றால் அது ஒட்டவில்லை. ஃபிளக்ஸ் மிச்சத்தை ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள்.

மூடுவதற்கு முன்

சார்ஜரை இன்னும் போடாதீர்கள். பாசிட்டிவுக்கும் கிரவுண்டுக்கும் ஓம் அளந்து ஷார்ட் இல்லை என்று உறுதி செய்யுங்கள். நடு ஊசித் தொடர்பு எதையும் தொட்டுக்கொண்டிருக்கவில்லை என்றும் பாருங்கள். பிறகு பேட்டரி இல்லாமல் சார்ஜரைப் போட்டு ஆன் செய்யுங்கள். பின்னைத் திருகுங்கள், மேலும் கீழும் அசையுங்கள், வயரை வளையுங்கள். ஆரம்பத்தில் செய்த அதே மூன்று சோதனைகள். எதிலும் அணையக் கூடாது.

அடுத்து பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கிவிட்டு, சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே ஏதாவது கனமான வேலையை லேப்டாப்பில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். ஜாக் அதிகபட்சக் கரன்ட்டைப் பார்ப்பது அப்போதுதான். முடிந்ததும் பின்னை உருவி, உலோகத்தை விரலால் தொடுங்கள். வெதுவெதுப்பு சரி. தொட்டதும் விரலை எடுக்க வேண்டியிருந்தால் ஸ்க்ரூக்களைப் போடாதீர்கள். காலுக்கும் வளையத்துக்கும் இடையிலான வோல்ட்டை மறுபடி அளந்து, அங்கே ஒன்றும் இல்லை என்றால் சார்ஜரின் பின்னை மாற்றுங்கள்.